இயங்குதளத்தின் நம்பகம் எதில் உள்ளது?

வணிகத்திற்கும் அலுவலகத்திற்கும் கணிப்பொறி வாங்கப் புகுவார் முதற்கண் கேட்கும் வினா ஒன்று உண்டு: எந்த இயங்குதளம் நம்பத்தக்கது? இவ் வினாவிற்கு விடைகூற மூன்று கட்சியார் அணியமாக நிற்கின்றனர். அலுவல் மேசைகளில் எல்லாம் விண்டோசே அமர்ந்திருக்கிறது. இதற்குமேல் சான்று வேண்டுமோ என்பார் ஒருசாரார். விண்டோசு விழுந்து விழுந்து எழுவது, இலினக்சோ விழாதது என்பார் மற்றொரு சாரார். இவ் விரண்டும் நேற்றுப் பிறந்த பிள்ளைகள், பெருங்கணிப்பொறியின் இயங்குதளமே பெரியது என்று முறுவலிப்பார் மூத்தோர் சிலர். மூவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மூவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். நம்பகத்தைப் பெயர்ப்பலகையில் தேடுகின்றனர். அஃது அங்கே இல்லை என்பதே இக் கட்டுரையின் துணிபு.

இயங்குதளம் என்பது யாது? பொறியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளைக் காத்து, எவ் வேலைக்கு எப்பொழுது எவ்வளவு இடம் என்று முறைவைக்கும் மென்பொருள் அது. ஊர் ஏரியின் மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று முறைவைத்துப் பாய்ச்சும் நீர்க்கட்டியின் வேலை என்று கொள்க. நீர்க்கட்டி அயர்ந்தால் ஒரு வயல் மட்டுமா காயும்? ஆயக்கட்டு முழுவதும் காயும். அவ்வாறே இயங்குதளம் நின்றால், அதன்மேல் நிற்கும் கணக்கு, வைப்பக ஏடு, மருத்துவமனைக் குறிப்பு, பயணச்சீட்டு யாவும் ஒருங்கே நிற்கும். பணமெடுக்க வந்து வரிசையில் நிற்கும் முதியவரும், அறுவைக்கு நாள் குறிக்கப்பட்ட நோயாளியுமே அதன் இழப்பைச் சுமப்பர். ஆகலின், இது பொறிஞர்கள் தமக்குள் ஆடும் சொற்போர் என்று நாம் ஒதுங்கிவிடல் ஆகாது.

விழுக்காடு சொல்லாத செய்தி

விற்போர் நம்பகத்தை விழுக்காட்டில் அளந்து காட்டுவர். 99 விழுக்காடு என்பது கேட்பதற்கு இனிது. கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டிற்கு மூன்றரை நாளுக்கும் மேலாகப் பொறி நின்று கிடக்கலாம் என்பதே அதன் பொருள். 99.9 எனில் ஏறத்தாழ 8 மணி 46 மணித்துளி, 99.99 எனில் ஏறத்தாழ 53 மணித்துளி, 99.999 எனில் 5 மணித்துளிக்குச் சற்று மிகுதி. ஒவ்வொரு 9 கூடும்பொழுதும் விலை பலமடங்கு ஏறும்.

எனினும் இவ் விழுக்காடு நமக்குச் சொல்லாதவை பல. அந்த எட்டு மணிநேரம் ஞாயிறு நள்ளிரவில் வருமா, ஊதியம் வழங்கும் நாளில் வருமா? ஒரு பொறி மட்டும் நிற்குமா, ஒரே நொடியில் எல்லாப் பொறிகளும் நிற்குமா? நின்றதைத் தொலைவிலிருந்தே எழுப்பலாமா, ஒவ்வொன்றின் முன்னும் ஆள் போய் அமர வேண்டுமா? எனவே நம்பகத்தை அளக்க மூன்று வினாக்கள் வேண்டும். எத்தனை முறை விழுகிறது? விழுந்தால் எவ்வளவு அகலத்திற்கு விழுகிறது? யார் கையால், எவ்வளவு விரைவில் எழுகிறது? உலகம் முதல் வினாவை மட்டும் கேட்கிறது. பின்னிரண்டுமே பெரியவை.

விழுவதை ஒப்புக்கொண்ட பொறிகள்

பெருங்கணிப்பொறியிலிருந்து தொடங்குவோம். ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்பிரல் 7ஆம் நாள் தன் 360ஆம் தொகுதியை அறிவித்தது. அதன் இயங்குதளத்திற்கு 1963 முதல் 1966 வரை ஏறத்தாழ 5000 ஆள்–ஆண்டு உழைப்புச் செலவாயிற்று. அவ்வளவு கொட்டியும் அது காலந்தாழ்ந்தே வந்தது. பிழைகள் மலிந்தே வந்தது. அப் பணியை நடத்திய பிரெடெரிக்கு புரூக்சு, அப் பட்டறிவைக் கொண்டே 1975இல் ஒரு நூல் எழுதினார்; ஆளைக் கூட்டினால் பணி விரையும் என்னும் மயக்கத்தை அந் நூல் உடைத்தது. இன்று வைப்பகங்கள் நம்பகத்தின் முடிந்த எல்லை என்று கருதும் ‘செட்/ஓ.எசு.’ அந்தப் பிழைமலிந்த பிள்ளையின் வழித்தோன்றலே. அரை நூற்றாண்டாகத் தேய்த்துத் தேய்த்துப் பெற்ற மெருகு அது. 1994 முதல் பல பெருங்கணிப்பொறிகளை ஒரே தொகுதியாகப் பிணைக்கும் ஏற்பாடும் அதில் அமைந்தது. ஒன்று நின்றால் அதன் சுமையை மற்றவை ஏற்கும். ஒரு பொறியைப் பழுதுபார்க்க நிறுத்தினும் பணி நிற்பதில்லை.

இக் கருத்தை முதலிலேயே அடிப்படையாகக் கொண்டு பிறந்தது தாண்டெம் நிறுவனத்தின் பொறி. 1974இல் தொடங்கப்பட்ட அந் நிறுவனம் 1976இல் தன் முதற்பொறியை ஓர் அமெரிக்க வைப்பகத்திற்கு அனுப்பியது. அப் பொறிக்குள் தனித்தனிச் செயலகங்கள் இருந்தன. ஒவ்வொன்றிற்கும் தனி நினைவகம், தனி இயங்குதளப் படி. ஒன்றில் ஓடும் வேலைக்கு மற்றொன்றில் ஓர் இணை விழித்திருந்தது. முன்னது விழுந்தால் பின்னது தொடர்ந்தது. ‘எவ்வுறுப்பும் ஒருநாள் கெடும்’ என்று முன்னரே ஒப்புக்கொண்டு கட்டியமையே அதன் வலிமை. நன்கு கட்டிய ஏரிக்குக் கரை மட்டும் போதாது, மிகைநீர் வழியக் கலிங்கும் வேண்டும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தது போன்றதே இது.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய சிம் கிரே என்னும் கணிப்பொறியறிஞர், கணிப்பொறிகள் ஏன் நிற்கின்றன என்று 1985இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். ஏறத்தாழ 2000 பொறித்தொகுதிகளின் முடக்கங்களை அவர் வகைப்படுத்தினார். வன்பொருட் பழுதால் நின்றவை 18 விழுக்காடு. மென்பொருட் பிழையால் நின்றவை 25 விழுக்காடு. பொறியைப் பேணுவோரும் இயக்குவோரும் செய்த பிழைகளால் நின்றவையோ 42 விழுக்காடு! பொறியின் நம்பகம் பேசுவோர் முதலில் நினைவிற் கொள்ளவேண்டிய எண் இது. நல்ல இயங்குதளத்தை வாங்கிவிட்டு, அதனைப் பேணும் ஆளுக்குப் பயிற்சியும் ஊதியமும் தராத நிறுவனம் அந் 42 விழுக்காட்டுக்குள் தானே சென்று விழுகிறது.

விரைவுக்காக விட்ட காவல்

விண்டோசின் வரலாற்றை அறியாது அதனைப் பழிப்போர் பலர். டெக்கு நிறுவனம் 1977இல் அறிவித்த வி.எம்.எசு. என்னும் இயங்குதளத்தைப் படைத்தோருள் முதல்வர் டேவிட்டு கட்லர். பல கணிப்பொறிகளை ஒரு குழுவாக்கி, ஒன்று விழினும் குழு விழாதவாறு இயக்கியதனால் அவ் வியங்குதளம் பெரும்புகழ் பெற்றது. அதே கட்லர் பின்னர் மைக்ரோசாப்டு நிறுவனத்திற்குச் சென்று, 1993இல் வெளிவந்த விண்டோசு என்.டி.யைப் படைத்தார். இன்றைய விண்டோசு யாவும் அதன் வழியே வந்தவை. ஆகவே விண்டோசு அடித்தளமற்ற கட்டடம் என்பது பொய்யுரை.

பின் எங்கே தளர்ந்தது? இயங்குதளத்தின் நடுவில் உட்கரு என்று ஒரு பகுதி உண்டு. அதற்கு வெளியே ஒரு மென்பொருள் பிழைசெய்தால் அம் மென்பொருள் மட்டும் மடியும். உட்கருவுக்குள் பிழை நேர்ந்தால் பொறி முழுவதும் நின்றுவிடும். எனவே உட்கருவுக்குள் யாரை விடுவது என்பதே இயங்குதளம் கட்டுவோன் எடுக்கும் முடிவுகளுள் தலையாயது. 1996இல் வந்த விண்டோசு என்.டி. 4.0இல், திரையில் படம் வரையும் பகுதிகள் விரைவு கருதி உட்கருவுக்குள் கொண்டுசெல்லப்பட்டன. திரை விரைந்தது; ஆனால் படம் வரைவதில் நேரும் பிழையும் அன்று முதல் பொறியையே வீழ்த்தும் ஆற்றல் பெற்றது. பயனர் கேட்டது விரைவு. விற்போர் கொடுத்ததும் விரைவு. விலை எவ்வளவு என்பதை இருவரும் எண்ணிப் பார்த்திலர்.

எளிய மேசைப்பொறிக்கென வந்த விண்டோசு 95, 98 ஆகியவற்றின் குறை வேறு. நொடியை ஆயிரம் பங்காக்கி எண்ணும் ஓர் எண்ணி அவற்றுள் இருந்தது. அதற்கு ஒதுக்கிய இடம் 429 கோடியைச் சற்றே கடந்ததும் தீர்ந்துவிடும், அஃதாவது 49.7 நாளில். அந்நாள் வந்ததும் பொறி உறைந்துபோம். இக்குறை வெளிவரச் சில ஆண்டுகளாயின. ஐம்பது நாள் நிற்காமல் ஓடினாலன்றோ அது தெரியவரும்!

இதனைச் சிரித்து ஒதுக்கலாகாது. 2004 செப்டம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவின் தென்கலிபோர்னியாவிலுள்ள பாம்டேல் வான்வழிக் கட்டுப்பாட்டு நடுவத்தில் இதே வகை எண்ணி தீர்ந்து, பேச்சுத் தொடர்பு முழுவதும் அற்றது. ஏறத்தாழ 400 வானூர்திகள் தரையின் குரலின்றிப் பறந்தன. உடன் எழவேண்டிய மாற்றுப்பொறியும் ஒரு மணித்துளிக்குள் விழுந்தது. குறைந்தது ஐந்து இடங்களில் வானூர்திகள் ஒன்றையொன்று நெருங்கக்கூடாத அளவு நெருங்கின. முப்பது நாளுக்கு ஒருமுறை பொறியை நிறுத்தித் தொடங்குக என்பது அங்கிருந்த கட்டளை. அம்முறை அதனைச் செய்யாது விட்டனர். சிம் கிரேயின் 42 விழுக்காட்டை இங்கே நினைந்து கொள்க. மறதியால் கெடக்கூடிய ஏற்பாட்டை உயிர்காக்கும் இடத்தில் வைத்தோர் குற்றம் பெரிதா, மறந்தவர் குற்றம் பெரிதா?

இலினக்சின் வலிவும் மெலிவும்

1969இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் பிறந்த யுனிக்சின் நெறியைப் பின்பற்றி, 1991இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டுசு தொடங்கியது இலினக்சு. அதன் நிரல்வரிகளை எவரும் படிக்கலாம்; திருத்தலாம்; தம் திருத்தத்தைப் பிறர்க்கும் வழங்கலாம். உலகின் மிகுவிரைவுக் கணிப்பொறிகள் 500ஐ வரிசைப்படுத்தும் பட்டியலில், 2017 நவம்பர் முதல் ஐந்நூறும் இலினக்சிலேயே இயங்குகின்றன. வலையத்தின் பெரிய வழங்கிகளுள் பெரும்பாலன அதன்மேலேயே நிற்கின்றன. இஃது எளிதில் பெற்ற வெற்றியன்று.

ஆயினும் அதற்கும் வீழ்ச்சி உண்டு. 2012 சூன் 30 இரவில், உலகப் பொழுதுக் கணக்கில் ஒரு நொடி கூட்டப்பட்டது. அவ்வொரு நொடியை ஏற்கத் தெரியாமல் இலினக்சு வழங்கிகள் பல திணறின. ஆத்திரேலியாவின் குவாண்டாசு வானூர்திகள் பயன்படுத்திய முன்பதிவுத் தொகுதியும் அதில் சிக்கியது, பயணிகள் காத்துக்கிடந்தனர்.

2024 மார்ச்சில் நிகழ்ந்தது இன்னும் ஆழமானது. இலினக்சுத் தொகுப்புகள் பலவற்றில் இடம்பெறும் ‘எக்சு.செட்.’ என்னும் சிறு சுருக்கு மென்பொருளுக்குள், நல்லவன்போல் நடித்து ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கை ஈட்டிய ஒருவன் களவுவாயில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தான். ஆண்டிரசு பிரௌண்டு என்னும் நிரலாளர், தொலைவிலிருந்து பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்று, தோண்டிப் பார்த்து, மார்ச்சு 29ஆம் நாள் உலகறியச் செய்தார். அவர் பணியாற்றியது மைக்ரோசாப்டு நிறுவனத்தில் என்பதும் இங்கு நோக்கத்தக்கது. நிரல்வரி திறந்து கிடந்ததனால் கள்வனும் நுழைந்தான். திறந்து கிடந்ததனாலேயே காவலனும் கண்டான். ‘பல கண்கள் பார்க்கின்றன’ என்று வாளாவிருத்தல் தகாது. உண்மையில் பார்க்கும் ஒரு கண்ணாவது வேண்டும். அச் சிறு மென்பொருளை ஊதியமின்றிப் பேணி வந்தவர் ஒரே ஒருவர். உலகம் அதன்மேல் கோடிகளைக் கட்டிவிட்டு, அடித்தூணுக்குக் கூலி கொடுக்க மறந்திருந்தது.

இயங்குதளம் மாற்றினால் போதுமா?

வணிக உலகில் இவ் விரண்டையும் நேருக்குநேர் நிறுத்திப் பார்க்க ஒரு நிகழ்ச்சி உண்டு. இலண்டன் பங்குச் சந்தை 2007இல் விண்டோசு வழங்கிகளின்மேல் புதிய வணிகத் தொகுதியை நிறுவியது. 2008 செப்டம்பர் 8ஆம் நாள், அமெரிக்க அரசு இரு பெரும் வீட்டுக்கடன் நிறுவனங்களைத் தன் பொறுப்பில் எடுத்த செய்தியால் உலகச் சந்தைகள் கொதித்துக்கொண்டிருந்த வேளையில், அத் தொகுதி ஏறத்தாழ ஏழு மணிநேரம் முடங்கியது. அடுத்த ஆண்டே அச் சந்தை, கொழும்பை அடுத்து இயங்கிய மில்லெனியம் ஐ.டி. என்னும் இலங்கை நிறுவனத்தை விலைக்கு வாங்கி, யுனிக்சு வழிவந்த இயங்குதளங்களில் ஓடும் அதன் தொகுதிக்கு மாற முடிவுசெய்தது. 2011 பிப்பிரவரி 14ஆம் நாள் மாறியது. விரைவில் முன்னதை மிக விஞ்சியது.

இலினக்சுக் கட்சியார் இங்கே நிறுத்திக்கொள்வர். நாம் இன்னும் பதினொரு நாள் படிப்போம். அதே பிப்பிரவரி 25ஆம் நாள், புதிய தொகுதியில் விலைகள் செவ்வனே தெரியாமையால் சந்தை மீண்டும் சில மணிநேரம் நிறுத்தப்பட்டது. பழைய முடக்கத்தின் பழி முழுவதையும் விண்டோசின்மேல் ஏற்றுவது எவ்வளவு தவறோ, புதிய முடக்கத்தின் பழியை இலினக்சின்மேல் ஏற்றுவதும் அவ்வளவு தவறே. இயங்குதளம் தரை, தரையின்மேல் கட்டுவோன் கைத்திறமும் உடன் எண்ணத்தக்கது.

2024 சூலை 19

இத் தலைமுறை கண்ட பெரும் முடக்கத்திற்கு வருவோம். கிரௌடுசுட்ரைக்கு என்பது கணிப்பொறிகளை நச்சுநிரல்களிலிருந்து காக்கும் மென்பொருள் விற்கும் அமெரிக்க நிறுவனம். அந் நாள் இந்திய நேரப்படி முற்பகல் 9.39க்கு அது தன் பயனர் பொறிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதனைப் படிக்கும் நிரலுக்கு 20 மதிப்புகள் தரப்பட்டிருந்தன. கோப்போ 21ஆவதைக் கேட்டது. இல்லாத 21ஆவதைத் தேடி நினைவகத்தில் தனக்கு உரிமையற்ற இடத்தைத் தொட்டது அந்நிரல். அந்நிரல் ஓடியது விண்டோசின் உட்கருவுக்குள். அவ்வளவுதான், பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. 10.57க்கே அந்நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. இடையே கழிந்தது 78 மணித்துளி. அதற்குள் ஏறத்தாழ 85 இலக்கம் பொறிகள் விழுந்துவிட்டன. உலகிலுள்ள விண்டோசுப் பொறிகளில் இஃது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு என்று மைக்ரோசாப்டு கூறியது. ஆம், ஆனால் அவை மருத்துவமனையிலும் வைப்பகத்திலும் வானூர்தி நிலையத்திலும் நின்ற பொறிகள்! அமெரிக்காவின் டெல்டா வானூர்தி நிறுவனம் மட்டும் ஐந்து நாளில் ஏறத்தாழ 7000 பறப்புகளைக் கைவிட்டது. 50 கோடித் தாலர் இழப்பு என்றது. இந்திய வானூர்தி நிலையங்களில் பயணிகளுக்கு நுழைவுச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

எழுந்த வகையைப் பாருங்கள். விழுந்த பொறி தானே தொடங்கவும் இயலாது, தொலைவிலிருந்து வரும் திருத்தத்தைப் பெறவும் இயலாது என்ற நிலையில், பல இடங்களில் ஆள் ஒவ்வொரு பொறியின் முன்னும் சென்றமர்ந்து, காப்பு முறையில் தொடங்கி, அக்கோப்பைக் கையால் நீக்கவேண்டியதாயிற்று. வட்டு மறையாக்கப்பட்ட பொறியாயின் 48 இலக்கத் திறவெண்ணையும் தட்டவேண்டும். அத் திறவெண்களைச் சேர்த்துவைத்த வழங்கியும் உடன் விழுந்திருந்தால்? பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவன் நிலைதான்.

ஆப்பிள் பொறிகளும் இலினக்சுப் பொறிகளும் அன்று தப்பின. அக்கோப்பு விண்டோசுக்கென அனுப்பியது என்பதே முதற்கரணியம். ஆனால் ஆழ்ந்த கரணியமும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2019 முதலே பிறர் நிரல்களை உட்கருவிலிருந்து படிப்படியாக வெளியேற்றி, வெளியிலிருந்தே காவல்செய்ய வழி வகுத்துக் கொடுத்தது. இலினக்சில், உட்கருவுக்குள் நுழையும் சிறுநிரலை முன்னரே ஆராய்ந்து, தீங்கற்றது எனின் மட்டும் ஓடவிடும் ஓர் ஏற்பாடு உண்டு. அதுவும் முழுக்காவலன்று; அதே ஆண்டு சூன் திங்களில், அதே நிறுவனத்தின் மென்பொருளால் தன் இலினக்சும் முடங்குவதை ரெட் ஆட் நிறுவனம் தன் பயனர்க்கு எச்சரித்திருந்தது. மைக்ரோசாப்டோ, 2009இல் ஐரோப்பிய ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டால் தான் கதவை அடைக்க இயலாமற் போயிற்று என்றது. பின் 2024 நவம்பரில், காப்பு மென்பொருள்கள் உட்கருவுக்கு வெளியே இயங்க வழிசெய்வதாக அறிவித்தது. 85 இலக்கம் பொறிகள் விழுந்த பின்னர் வந்த அறிவு!

எனின், புதுப்பிப்பையே ஏற்காமல் இருந்துவிடலாமா? அதற்கும் விடை வரலாற்றில் உண்டு. 2017 மார்ச்சு 14ஆம் நாள் மைக்ரோசாப்டு ஒரு குறைக்குத் திருத்தம் வெளியிட்டது. ஏற்காதோர் பலர். மே 12ஆம் நாள் அக்குறை வழியே ‘வானாகிரை’ என்னும் நச்சுநிரல் புகுந்து, ஏறத்தாழ 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொதுமருத்துவ அமைப்புகளில் மூன்றிலொரு பங்கு அதனால் இடருற்றது. 2017இல் காலந்தாழ்த்தியவன் கெட்டான். 2024இல் உடனே ஏற்றவன் கெட்டான். முதலில் சில பொறிகளில் இட்டுப் பார்த்து, ஒருநாள் கழித்து மற்றவற்றிற்கு விரிப்பதே நெறி. இந் நெறி எவ் வியங்குதளத்திற்கும் பொது. இதற்கு விலையும் இல்லை.

உடையவன் சொல்லும் ஒரு காப்பே

நம்பகத்தின் மற்றொரு பகுதி நாட்பட வெளிப்படுவது. இந்தியத் தொடர்வண்டியின் முன்பதிவு 1985இல் தில்லியில் கணிப்பொறிமயமாகியது. பின்னர் சென்னை உள்ளிட்ட ஐந்து நடுவங்களைப் பிணைத்து விரிந்தது. முன்பதிவுச் சாளரத்தில் வரிசையில் நின்று சீட்டுப் பெற்ற நம்மவர் பலர், தாம் அறியாமலே, மேலே சொன்ன வி.எம்.எசு.இன் உழைப்பை நுகர்ந்தவர் ஆவர். அவ் வியங்குதளம் உழைப்பிற் சலிக்கவில்லை. அதன் உடைமையாளர்தாம் மாறினர். டெக்கு 1998இல் காம்பாக்கிடம் சென்றது. காம்பாக்கு 2002இல் எச்.பி.யிடம் சென்றது, எச்.பி. 2014இல் அதன் வளர்ச்சிப்பணியை வேறொரு சிறு நிறுவனத்திடம் விட்டது. அஃது அமர்ந்திருந்த இட்டானியம் சில்லின் விற்பனையும் 2021இல் முடிந்தது. 2025இல் இந்திய அரசு அம் முன்பதிவுத் தொகுதியைப் புதுக்குவதாக அறிவிக்க நேர்ந்ததற்குக் கரணியம் இதுவே. உறுதியான வீடு, ஆனால் அடிமனை பிறனுடையது.

திறந்த நிரலிலும் சொல் பிறழ்ந்ததுண்டு. 2029 வரை பேணப்படும் என்று நம்பி நிறுவனங்கள் ஏற்ற ‘சென்ட் ஓ.எசு. 8’, 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என 2020 திசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. நிரல்வரிகள் பொதுவில் இருந்தமையால், அடுத்த ஆண்டே வேறு இரு குழுவினர் அதற்கு ஈடான தொகுப்புகளைப் படைத்து வழங்கினர்; பயனர் தெருவில் நிற்கவில்லை. விண்டோசு 10இன் பொதுப் பேணல் 2025 அகுத்தோபர் 14ஆம் நாள் முடிந்தது. நன்கு ஓடிக்கொண்டிருந்த பொறிகள் பல, புதிய பதிப்பு கேட்கும் உறுப்புகள் இல்லாமையால் அதனை ஏற்க இயலாமல் நின்றன. அவற்றை வேறெவரும் பேண முன்வர வழியில்லை. நிரல்வரி ஒருவர் கைக்குள்ளேயே உள்ளது.

நம் முடிபு

இதுகாறும் கண்டவற்றால் நாம் துணிவது இது. ஒரு நொடியும் நிற்கக்கூடாத பணிக்குப் பெருங்கணிப்பொறியும் தாண்டெம் வழிவந்த பொறியுமே இன்றும் முன்னிற்பவை. விழுவதை முன்னரே எண்ணிக் கட்டியமையால் அவை விழும் அகலம் சிறிது. ஆனால் விலை பெரிது, கற்றோர் சிலர், உடையவர் ஒருவர். அலுவலக வழங்கிகளுக்கு நாம் பரிந்துரைப்பது இலினக்சே. அது விழாதது என்பதற்காகவன்று. விழுந்தால் எழுப்பும் உரிமையும் ஒருவர் கைவிட்டால் மற்றவர் தொடரும் வழியும் அதில் இருப்பதற்காக. பேண ஆளில்லாத இடத்தில் அவ் வுரிமை வெறும் ஏட்டுரிமை என்பதையும் உடன் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். கணக்கு மென்பொருள் முதலியவற்றிற்காக விண்டோசு வேண்டுமெனின், மேசையில் இருக்கட்டும். ஆவணம் அனைத்திற்கும் ஒரே இருப்பிடமாக அதனை ஆக்கற்க. எதுவாயினும், எல்லாப் பொறியும் ஒரே இயங்குதளம், ஒரே காப்பு மென்பொருள், ஒரே நொடியில் புதுப்பிப்பு என்று அமைப்பது வயல் முழுவதும் ஒரே விதையிட்டு ஒரே பூச்சிக்குக் கொடுப்பதாகும்.

கூட்டுறவுக் கழகத்திற்கோ அச்சகத்திற்கோ பள்ளிக்கோ கடைக்கோ பொறி வாங்கும் அன்பர்கள் விற்பவனிடம் இவ் வைந்தையும் கேளுங்கள்.

ஒன்று: உட்கருவுக்குள் இயங்கும் பிறர் மென்பொருள் எவையெவை?

இரண்டு: புதுப்பிப்பை முதலில் ஒரு பொறியில் இட்டுப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டா?

மூன்று: பொறி தொடங்காமற் போனால் எழுப்பத் தெரிந்தவர் எத்தனை கல் தொலைவில் இருக்கிறார்?

நான்கு: இதன் பேணல் எந்த ஆண்டு முடியும்? முடிந்தபின் வேறொருவர் தொடர வழியுண்டா?

ஐந்து: தரவின் காப்புப்படி எங்கே உள்ளது? அதிலிருந்து மீட்டுப் பார்த்த நாள் எது?

ஐந்தாவதற்கு விடை பெரும்பாலும் நம்மிடமே உண்டு. பெரும்பாலும் வெட்கந்தருவதாகவே இருக்கும். காப்புப்படி எடுத்துவைத்தேன் என்பார் பலர். அதனைத் திறந்து பார்த்தேன் என்பார் சிலரே. ஆண்டிற்கொரு நாளேனும் பொறியை வேண்டுமென்றே நிறுத்தி, தாளிலும் எழுதுகோலிலும் பணியை நடத்திப் பாருங்கள். காப்புப்படியிலிருந்து கணக்கை மீட்டுப் பாருங்கள். அந் நாளில் எவ்வளவு நேரத்தில் எழுந்தீர்களோ, அதுவே உங்கள் பொறியின் உண்மையான நம்பகம். விற்பவன் தாளில் எழுதிக்காட்டும் விழுக்காட்டை அதன்பின் ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.